நாற்பத்தெட்டு லட்சத்துப் பார்ட்டி

என் பெயர் இம்மானுவேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேலை. உலையிலிருந்து வெளியே வரும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அது உருளுமா முறியுமா என்று சொல்லிவிடுவேன். எதிரே இருக்கும் மனுஷன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க மட்டும் எனக்கு வராது. அந்த மனுஷன் நானாகவே இருந்தாலும் வராது. போன வருஷம் என் வீட்டை விற்கப் போனபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

என் அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் வம்சத்திலேயே விற்பதற்கு என்று ஒரு பொருள் வைத்திருந்த முதல் ஆள் நான்தான். அதனால் எப்படி விற்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இது என் தரப்பு நியாயம். என் மனைவி மெர்சி இதை ஒப்புக்கொள்வதே இல்லை. "தெரியாதவங்க கேட்டுத் தெரிஞ்சிப்பாங்க. நீங்க ஊருக்கே கிளாஸ் எடுத்தீங்க" என்பாள்.

அரை கிரவுண்டில் ஒரு ஹால், ரெண்டு ரூம். பி.எஃப். லோன் போட்டு அஸ்திவாரம், சீட்டு எடுத்துச் சுவர், மெர்சியின் வளையலை அடகு வைத்துக் கூரை என்று கட்டிய வீடு. மேலே ஒரு மாடி கட்டுவோம் என்ற நம்பிக்கையில் நாலு மூலையிலும் கம்பியை நீட்டி விட்டிருந்தேன். பதினாலு வருஷமாக அந்தக் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. காக்காய்களுக்கு உட்கார வசதி.

விற்கவேண்டி வந்ததற்குக் காரணம் மெர்சியின் மூச்சு. அவளுக்கு வீசிங். முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு காலம் பார்க்காமல் வந்தது. போன ஆடியில் ஒரு நாள் உதடெல்லாம் நீலம் பாரித்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். "மருந்து நான் மாத்திக் குடுக்கறேன். வீட்ட நீங்கதான் மாத்தணும்" என்றார்.

எங்கள் பகுதியில் காலையில் துடைத்த தரையில் சாயங்காலம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துப் போகும். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகத் திரும்பி வராது. அந்தத் தூசி எங்கள் ஆலையிலிருந்தும் வருகிறது. அதாவது நான் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பாடுபட்டு உண்டாக்குவது. அதற்கு எனக்குச் சம்பளம், மெர்சிக்கு இழுப்பு.

பொன்னேரிக்கு மேற்கே இருக்கும் ஆரணியில் பூவம்மாள் என்று ஒரு அம்மா சின்ன வீடு ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். அவர் பள்ளிப்பட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறார். இருபத்தெட்டு லட்சம் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் வயல், அதற்கப்பால் ஆறு. பேசிக்கொண்டிருக்கும்போதே மெர்சி அந்தக் கூடத்துத் தரையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விற்கிறவர் வீட்டில் வாங்க வந்தவள் படுத்துத் தூங்குவது எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்ததும், "ஏங்க, இங்க நான் மூச்சு வுட்டதே எனக்குத் தெரியலீங்க" என்றாள்.

பூவம்மாள், "பொங்கல் வரிக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அப்பால என்ன குத்தம் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே விஷயம் சுலபம். பொங்கலுக்குள் நம் வீட்டை வந்த விலைக்கு விற்கவேண்டும், ஆரணிக்குப் போகவேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் விலை போட உட்கார்ந்தேன்.

எனக்கு அளவுகோல் ரகு. என் ஷிஃப்டு, என் தெரு. அதற்கு முந்தின வருஷம் வீட்டை விற்றுவிட்டு செங்குன்றம் பக்கம் போனவன். "எவ்ளோக்குடா குடுத்த?" என்று கேன்டீனில் கேட்டதற்கு, முட்டையை உரித்துக்கொண்டே "நாப்பத்திரெண்டு" என்றான். அவன் உரித்த அலட்சியத்தைப் பார்த்தால் நாற்பத்திரண்டு அவனுக்குக் குறைச்சலாகப் பட்டதுபோல இருந்தது. அவன் வீடு மேற்குப் பார்த்தது, என்னுடையது கிழக்குப் பார்த்தது. அவன் வீட்டில் தென்னை மரம் இல்லை, என் வீட்டில் உண்டு. காய்க்காது என்றாலும் மரம் மரம்தானே. அவன் கம்பி நீட்டவில்லை, நான் நீட்டியிருக்கிறேன். அதுவும் எங்கள் ஷிஃப்டில் உருட்டிய கம்பி. எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டினேன். நாற்பத்தைந்துக்கு ஒரு ரூபாய் குறையக்கூடாது என்று வந்தது.

புரோக்கர் துளசிராமன் வந்தார். பள்ளிப்பட்டுக்காரர். ஆந்திரா எல்லையில் வளர்ந்ததால் பார்க்கிறவர்களை எல்லாம் நைனா என்பார். சட்டைப்பையில் ரெண்டு போன். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் கமிஷன் குறைந்துவிடும் என்று யாரோ சொன்னார்களோ என்னவோ. ஹாலில் ஒரு சுற்று, மொட்டை மாடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"முப்பத்தஞ்சு கண்டிப்பா போவும் நைனா. நல்ல பார்ட்டி மாட்டினா முப்பத்தெட்டு."

"இன்னாண்ணே சொல்றீங்க? மேல கம்பி வுட்டிருக்குது, பாக்கலியா?"

"பாத்தேன். துரு புடிச்சிருக்குது. வாங்கறவன் அத்த அறுக்கறதுக்கு ஆளு கூப்புடணும், அதுக்கு வேற டப்பு."

என் நெஞ்சில் வெல்டிங் வைத்ததுபோல் இருந்தது. "நாப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ பேசறவன என் ஊட்டாண்ட கூட்டினு வராதீங்க" என்றேன். துளசிராமன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி நைனா. உங்க ஊடு, உங்க வாயி. வேற புரோக்கராண்ட மட்டும் போவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் வேறு புரோக்கருக்குப் போன் போட்டேன்.

அந்த மாசத்திலேயே நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விலை. செருப்போடு வந்தவரிடம் நாற்பத்தைந்து, ஷூ போட்டு வந்தவரிடம் நாற்பத்தேழு, காரில் வந்த ஒருவரிடம் ஐம்பது. காரில் வந்தவர் ஹாலுக்குள்ளேயே வரவில்லை. அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போனார்.

எங்கள் பக்கத்துப் புரோக்கர் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விற்கிறவன் பக்கம் ஒருவர், வாங்குகிறவன் பக்கம் ஒருவர் என்பது சினிமாவில்தான். இங்கே நடுவில் ஒரு சங்கிலியே உண்டு. கவரைப்பேட்டைக்காரர் பொன்னேரிக்காரரிடம் சொல்வார், அவர் தச்சூர்க்காரரிடம் சொல்வார், கடைசியில் ஜி.என்.டி. ரோட்டு டீக்கடையில் துளசிராமன் காதுக்கு வரும். கை மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தன் பார்ட்டியைக் கொஞ்சம் உசத்திச் சொல்வார்கள். சின்னப் பார்ட்டி என்றால் அடுத்தவர் மதித்து வேலை செய்யமாட்டாரே. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

வீடு பார்க்க வந்தார்கள். வருவதாகப் போன் வந்ததும், "மெர்சி, ஒரு தபா தரைய தொடச்சிடு, பார்ட்டி வருது" என்பேன். அவள் குனிந்து துடைப்பாள். வாளித் தண்ணீர் மை மாதிரி ஆகும். துடைத்து முடிப்பதற்குள் இழுக்க ஆரம்பிக்கும். பார்ட்டி காதில் விழுந்தால் விலை இறங்கும் என்று அவளே பின்னால் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் முன்னால் நின்று கம்பியைக் காட்டிக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் கம்பியைப் பார்ப்பார்கள், தென்னையைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், கூல்ட்ரிங்ஸைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தீபாவளி வரைக்கும் கூல்ட்ரிங்ஸுக்குச் செலவழித்ததுதான் மிச்சம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏரியாவில் வீட்டுக்குக் கிராக்கி இருக்கிறது என்று புரோக்கர்கள் நம்பினால் விலை தானாக ஏறும். நம்ப வைக்க ஒரு ஆள் வேண்டும்.

ஜோசப் எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். குரல் கணீரென்று இருக்கும். சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பதும் அவன்தான். கல்யாண அறிவிப்பைக்கூட அவன் வாசித்தால் கவர்மென்ட் உத்தரவு மாதிரி இருக்கும். அவனைப் பிடித்தேன்.

"மச்சான், கவரைப்பேட்டையில ஒரு புரோக்கரு கீறாரு. போன் பண்ணி, எங்க நகர்ல கெழக்கு பாத்த ஊடு வோணும், நாப்பத்திரெண்டு வரிக்கும் தர்றேன், கைல ரொக்கம்னு சொல்லு. நேர்ல வரச் சொன்னா ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

"அவ்ளோதான? நான் பாத்துக்கறேன் மச்சான், நீ கவலப்படாத" என்றான். அதற்கப்புறம் எங்களுக்கு ஷிஃப்டு மாறிவிட்டது. கேட்டில் எதிரும் புதிருமாகப் பார்க்கும்போது கட்டைவிரலைத் தூக்கி, "நல்லா போய்க்கினு இருக்குது மச்சான்" என்பான். என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் துளசிராமன் ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்தார். ஜெகன், கல்பனா. அவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், அவள் சிப்காட்டில் பேக்கிங் வேலை. இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. ரெண்டு பேரும் கம்பியைப் பார்க்கவே இல்லை. ஜன்னல்களைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். குழந்தை ஹாலில் தவழ்ந்து போய் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, பேங்க் லோனு ரெடியா இருக்குது. எங்களால ஆனது முப்பத்தெட்டு. அதுக்கு மேல முடியாதுண்ணே" என்றான் ஜெகன்.

முப்பத்தெட்டு. ஆரணி வீடு, ரிஜிஸ்டர் செலவு, மருந்துச் செலவு எல்லாம் போக நாலு காசு கையிலும் நிற்கும். மெர்சி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினாள்.

அன்று காலையில்தான் துளசிராமன் போனில் வேறு ஒரு சேதி சொல்லியிருந்தார். "நைனா, பொன்னேரி புரோக்கராண்ட ஒரு பார்ட்டி கீது. தடா பக்கம் பெரிய கம்பெனில மேனேஜராம். உங்க நகர்லதான் வோணுமாம். நாப்பத்தெட்டு வரிக்கும் போவாராம். எனக்கு நம்பிக்க இல்ல. காதுல உழுந்தத சொன்னேன், அவ்ளோதான்."

படிக்கிற புத்திசாலிகளே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் ஜோசப்புக்குச் சொன்னது நாற்பத்திரண்டு, இது நாற்பத்தெட்டு. நான் சொன்னது கவரைப்பேட்டை, இது பொன்னேரி. ஜோசப் கிரேன், இவர் மேனேஜர். பிறகு எப்படிப் புரியும்? அதோடு, என் வீட்டின் அருமை தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்று நம்புவதற்கு நான் ரெண்டு மாசமாகத் தயாராக இருந்தேன்.

ஜெகனைப் பார்த்து, "தம்பி, எனக்கு நாப்பத்தெட்டுக்குப் பார்ட்டி கீது. முப்பத்தெட்டுக்கு இந்தத் தெருவுல பாத்ரூம்தான் கெடைக்கும்" என்றேன். என் வாய் அப்படி. கல்பனா தலையைக் குனிந்துகொண்டு, என் காலைப் பிடித்திருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். துளசிராமன் அவர்களோடு வெளியே போனார்.

மெர்சி அன்று என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.

மேனேஜர் வந்தபாடில்லை. இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கிறார், நாளைக்கு மீட்டிங், அடுத்த வாரம் வருவார் என்று சேதி மட்டும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் காத்திருந்தேன். அவருக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கம்பிகளுக்குக்கூட சிவப்பு பெயின்ட் அடித்தேன்.

டிசம்பர் வந்தது. பனியில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டினேன். ரெண்டே நாளில் வெள்ளைக் காகிதம் சாம்பல் நிறமானது. மெர்சியால் படுக்க முடியவில்லை, சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்பேன். கேட்டுக்கொண்டே, மேனேஜர் வந்ததும் நாற்பத்தெட்டில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று யோசிப்பேன். இந்த லட்சணத்தில் என்னை நல்ல புருஷன் என்று சர்ச்சில் நாலு பேர் சொல்வார்கள்.

இதற்கு நடுவில் பூவம்மாள் போன் செய்தார். வேறு ஒருவர் வந்து முப்பதுக்குக் கேட்கிறாராம். "நான் சொன்ன வாக்குக்காகப் பொங்கல் வரிக்கும்தான் பொறுப்பேன்" என்றார். எனக்கு உடனே தோன்றியது, இந்த அம்மா நம்மிடமே ஆள் வைத்து ஏலம் விடுகிறாரோ என்று. என் புத்தி போன போக்கு அது.

கிறிஸ்மஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து உட்கார்ந்திருந்தோம். துளசிராமன் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"நைனா, பேஜாரா பூடுச்சு இந்த மேனேஜரால. அஞ்சு புரோக்கர தாண்டிப் போயி நம்பரையே புடிச்சுட்டேன். நீங்களே பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்."

அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். கடைசி எண்ணை அழுத்தியதும் என் போன் தானாகவே ஒரு பெயரைக் காட்டியது. 'ஜோசப் கிரேன்.'

போன் தப்பு செய்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் விரல் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது.

"யெஸ். குட் மார்னிங். மேனேஜர் பேசறேன்" என்றது அந்தக் கணீர் குரல். யார் கூப்பிடுகிறார்கள் என்று அவனும் பார்க்கவில்லை. நாள் பூராவும் புரோக்கர்கள் கூப்பிட்டு அவனுக்குப் பழகிவிட்டது. அவனுக்குப் பின்னாலிருந்து அவன் பெண்டாட்டியின் குரல் வந்தது. "மீனு கழுவ தண்ணி புடிச்சுக் குடுன்னா, போன்ல இன்னா வெட்டியா பேசிக்கினு கீற?"

"டேய் ஜோசப்பு" என்றேன்.

"மச்சான்... நல்லா போய்க்கினு இருக்குதுன்னு சொன்னேனே" என்றான்.

"யாரு நைனா இவுரு?" என்றார் துளசிராமன்.

"என் கூட வேல செய்றவன்."

"அவுரு ஏன் ஊடு கேக்கறாரு?"

"நான்தாண்ணே கேக்கச் சொன்னேன்."

துளசிராமன் என் வீட்டு நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தார். "உங்க ஆள நீங்களே அனுப்பிச்சி, உங்க ஆளுக்கு நீங்களே காத்துக்கினு இருந்தீங்களா நைனா? அதுக்குக் கம்பிக்கு பெயின்ட் வேற அடிச்சீங்களா?" என்றார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஓனரைப் பார்த்ததில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

மெர்சி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சிரிப்பு இழுப்பாக மாறிவிட்டது. தோள் ரெண்டும் மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சிழுக்கிற பஃப்பைத் தேடி ஓடினேன். அலமாரியில் இல்லை, ஜன்னலில் இல்லை. துளசிராமன்தான் அவள் காலடியில் விழுந்து கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு தடவை இழுத்தும் அடங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து மூச்சு கொஞ்சம் இறங்கியதும், அவள் என் பக்கம் திரும்பாமல் துளசிராமனிடம் கேட்டாள்.

"அண்ணே, அந்தப் புள்ளைங்க வேற ஊடு வாங்கிட்டாங்களா?"

"வேற ஒண்ணு பாத்துக்கினு கீறாங்கம்மா. இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. நான் கூப்ட்டா வரமாட்டாங்க. சார் அன்னிக்குப் பேசின பேச்சு அப்டி."

"எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க. நாங்க போறோம்."

எழுந்து போகும்போது துளசிராமன் என் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "உங்க தோஸ்து ரகு ஊடு முப்பத்தஞ்சரைக்குப் போச்சு நைனா. ரிஜிஸ்டர் ஆபீசு வரிக்கும் நான்தான் கூட போனேன். வித்தவன் சொல்ற ரேட்ட வெச்சு எவனாச்சும் வெல போடுவானா?" என்றார். ஆக, என் அளவுகோல் கேன்டீனில் முட்டை உரிக்கும்போது சொன்ன ஒரு பொய். அந்த நாற்பத்திரண்டைப் பார்த்துத்தான் நான் ஜோசப்புக்கும் நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் மெர்சியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஜெகன் வீட்டைத் தேடிப் போனேன். துளசிராமன் சொன்ன அடையாளத்தைப் பிடித்துப் போகப் போக, வழி எனக்குத் தெரிந்த வழியாக இருந்தது. தினமும் நான் வேலைக்குப் போகிற வழி. எங்கள் ஆலையின் பின் மதில் வந்தது. மதிலை ஒட்டி ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுப் பத்து வீடுகள். கடைசி வீட்டு வாசலில் கல்பனா நின்றிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த மதிலுக்கு உள் பக்கம் வேலை செய்திருக்கிறேன். வெளிப் பக்கம் ஆட்கள் குடியிருப்பது தெரியும், எட்டிப் பார்த்ததில்லை.

கல்பனா, "வாங்கக்கா" என்று மெர்சியை மட்டும் கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே நுழைந்தேன். ஒரே அறை. ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருந்தது, அந்தத் துணி கறுப்பாக இருந்தது. குடத்தைத் தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் இன்னொரு துணி போட்டிருந்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் அது மூச்சு விடுகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். என் வீட்டில் நான் தினம் கேட்கிற அதே சத்தம், சின்னதாக.

ஜெகன் முகம் கொடுக்கவில்லை. நான், அன்று பேசியது தப்பு, அந்தப் பார்ட்டி வெறும் புரளி, மறுபடியும் பேசலாமா என்று மென்று முழுங்கிக் கேட்டேன். யார் கிளப்பிய புரளி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அவன் பதில் சொல்வதற்குள் மெர்சி ஆரம்பித்துவிட்டாள். "கல்பனா, ஒண்ணு சொல்லணும். நாங்க ஏன் விக்கறோம்னு நீங்க கேக்கல, இவுரும் சொல்லல. எனக்கு வீசிங். அங்க ஒரே தூசி. நீங்க வந்த அன்னிக்குத் தொடச்சு வெச்சிருந்தேன், அதான் தெரியல. கைக்கொழந்த வெச்சிருக்கீங்க. தெரிஞ்சே மறைச்சு வித்தா எனக்குத் தூக்கம் வராது."

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். நாலு மாசமாகத் துடைத்துத் துடைத்து மறைத்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம்.

கல்பனா ஜெகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் மெல்லச் சிரித்தாள். "தெரியும்க்கா. மதிலுக்கு இந்தாண்ட கீறவங்களுக்குத் தெரியாதா? உங்க ஊட்டாண்ட வந்த அன்னிக்கு பாப்பா ஒரு தபாகூட இருமல. திரும்பி வரும்போது நான் இவராண்ட சொன்னேன், கடன்பட்டாச்சும் இந்த ஊட்ட வாங்கிடணும், எவ்ளோ நல்ல காத்துன்னு."

எந்தக் காற்றிலிருந்து என் பெண்டாட்டியைக் காப்பாற்ற ஓடுகிறேனோ, அந்தக் காற்றுக்கு இந்தப் பெண் கடன் வாங்கத் தயாராக இருக்கிறாள்.

"கடைசியா இன்னா சொல்றீங்கண்ணே?" என்று கேட்டான் ஜெகன்.

அந்த நிமிஷம் மனம் உருகி நான் விலையைக் குறைத்தேன் என்று எழுதினால் எனக்கே நன்றாக இருக்கும். குறைக்கவில்லை. "நீ சொன்ன அதே முப்பத்தெட்டு தம்பி" என்றுதான் என் வாயில் வந்தது. அதையும் ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரிச் சொன்னேன்.

"முப்பத்தாறு" என்றாள் மெர்சி. அவளுக்கு லேசாக இழுக்க ஆரம்பித்திருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தூசிக்கு ரெண்டு லட்சம் கழிச்சுக்கோ கல்பனா. இவுரு கம்பிக்கு வெல போட்டாரு, தென்ன மரத்துக்கு வெல போட்டாரு. இத்த மட்டும் கணக்குல சேக்கவே இல்ல."

ஜெகன் என்னைப் பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது ஷிஃப்டு ஓடிக்கொண்டிருந்தது. தூளியில் குழந்தை புரண்டு படுத்து இருமியது. எனக்கு ரெண்டு லட்சம் போகிறதே என்று வயிறு எரிந்தது. அந்த இருமலைக் கேட்கவும் முடியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.